நிரல் சொன்ன ‘இல்லை’

கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் நான் குடியிருக்கும் வீட்டருகே ஒரு கடை இருக்கிறது. கடைக்காரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் ரொட்டி வாங்கப் போய்ப் பாண் கேட்டால் சிங்களத்தில்தான் விலை சொல்வார். நான் இன்னொரு வாக்கியம் பேசியதும் என் தமிழைப் பிடித்துக்கொண்டு, “இந்தியாவா?” என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும். கோத்தகிரியில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’. அப்பா ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். அவருடைய மகள் நான், அதே மலைகளுக்கு வேலை விசாவில் வந்திருக்கிறேன். அந்த விசாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

கண்டி நகரில் ஒரு சிறிய அலுவலகம். வழக்குகளில் சிக்கும் கணினிகளை ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது எங்கள் தொழில். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கண்ணால் மேய்ந்து முடிக்கக் வாரக்கணக்காகும். அதனால் பைத்தன் கணினி மொழியைக் கற்றுக்கொண்டு நானே ஒரு நிரல் எழுதினேன். அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சங்களையும் துழாவி, கேட்டது இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். முதல்முறை அது பிழையில்லாமல் ஓடியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம் அலவத்துகொடவில் ஒரு வாசனைத் திரவியக் கம்பெனியின் வழக்கு வந்தது. அந்தக் கம்பெனி முதலாளியின் கணினியிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களை யாரோ ஒரு பிற்பகலில் போட்டிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். பழி அங்கே கிளார்க்காக, அவர்கள் சொல்லில் எழுதுவினைஞராக, இருந்த ரிஸானா மீது விழுந்து, வேலையும் போனது. அந்த நேரத்தில் தான் முன்அறைக் கணினியில் மத்ரஸா விழாவுக்குத் தமிழில் அழைப்பிதழ் அடித்துக்கொண்டிருந்ததாக மட்டும்தான் அவள் மறுமொழி சொன்னாள். முன்அறைக் கணினியின் டிஸ்க்கைப் பிரதியெடுக்க நான் போன அன்று அவளையும் வரவழைத்திருந்தார்கள்.

“வெளி வேல செஞ்சா ஏசுவாங்கன்னு அடிச்சி பிரின்ட் எடுத்திட்டு அழிச்சிட்டேன் மிஸ்,” என்றாள். “நல்லாத் தேடிப் பாருங்க. வாப்பாட மொகத்தப் பாக்க ஏலாம இருக்கு.”

நிரல் தேடியது. அந்தப் பிற்பகலில் தமிழ் எதுவும் இல்லை என்றது. நான் அப்படியே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நீதிமன்றத்துக்கு அது போக இன்னும் சில நாட்கள் இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரரான சிவாவிடம் நிரலைக் காட்டிப் பெருமையடித்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

“பாமினியையும் தேடினனீங்களோ?” என்றார்.

“யாருங்க பாமினி? அந்தப் பொண்ணு பேரு ரிஸானா.”

அவர் சிரித்தார். “ஆளில்லை, எழுத்துரு. இஞ்ச கனபேர் இன்னும் அதிலதான் தமிழ் அடிக்கிறவை.”

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டுக் கணினிக்குப் போனேன். பழைய எழுத்துரு அது. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்படும். செல்போனில் தமிழ் பழகிய எனக்குத் தமிழ் என்றால் யூனிகோட் மட்டும்தான், அதை மட்டுமே என் நிரலுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். குப்பை என்று நிரல் ஒதுக்கியவற்றைத் திறந்து எழுத்துருவை மாற்றினேன். ‘அன்புடையீர், அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று தொடங்கியது அழைப்பிதழ். அவள் சொன்ன அதே பிற்பகல், அதே கணினி.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. அப்பாவுக்கு அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் இப்படித்தான். பிரிக்காமலே அம்மாவிடம் நீட்டுவார். அவருடைய அப்பா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு நின்றபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏட்டைப் புரட்டிவிட்டு, “பேர் இல்லை” என்றாராம். சரியாகத் தேடினாரா என்று கேட்க இவர்களுக்கு வாயில்லை. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதை நினைத்தபோதுதான் பயம் உண்மையில் பிடித்தது.

திருத்திய அறிக்கையோடு எங்கள் முதலாளியின் அறைக்குப் போனேன். அவர் சிங்களவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அழைப்பிதழை அழகான படம் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுத்துரு பழுதாகிவிட்டது என்று விளங்கிக்கொண்டார் போலும், “கணினியை மாற்றித் தரவா?” என்றார். மறுபடி விளக்கினேன். இம்முறை முகம் மாறியது.

“இதற்கு முன் கொடுத்த அறிக்கைகளும் இதே நிரலில்தானா?”

“ஆம் சார்.”

“அவற்றில் தமிழ்க்காரர்கள்?”

“இருக்கிறார்கள்.”

ரிஸானாவின் புதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்காக நான் கொடுத்திருந்த விசாக் கடிதத்தை எடுத்து மேசையின் மறுபக்கம் நகர்த்தி வைத்தார். “எல்லாவற்றையும் திரும்ப ஓட்டு. பிறகு இதைப் பார்ப்போம்,” என்றார்.

நிரலைத் திருத்திப் பழைய டிஸ்க்குகளின் மீது ஓடவிட்டிருக்கிறேன். சற்றுமுன் அப்பா அழைத்தார்.

“விசா கெடச்சிருச்சாம்மா?”

“பாத்துக்கிட்டிருக்காங்கப்பா.”

“பயப்படாதம்மா,” என்றார், குரல் நடுங்க.

பழைய வழக்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறிக்கொண்டிருக்கின்றன. எதுவும் அகப்படாவிட்டால் விசாக் கடிதத்தில் கையெழுத்து விழும், நான் கண்டியில் இருக்கலாம். அகப்பட்டால், இந்த மலைகளில் யாரோ ஒருவர் தன் வேலைக்குத் திரும்புவார், நான் கோத்தகிரிக்குத் திரும்புவேன்.