இடமிருந்து இரண்டாவது ஆள்

நான் கிராஃபிக் டிசைனராகப் போவதற்கு எங்கள் வீட்டில் தடை எழவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா, உடன் வேலை செய்தவர்கள் விரலையும் காலையும் இழந்ததைப் பார்த்தவர். உட்கார்ந்து படம் போடும் தொழிலில் யாருக்கும் அடிபடாது என்று அவர் நம்பினார். அம்மாவும் நம்பினாள். நானும்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன், ராயபுரத்தில் நான் கடை வைத்த இரண்டாம் ஆண்டில், ஒரு காலை வரை அந்த நம்பிக்கை குலையவில்லை.

புத்தக அட்டைகள் செய்யும் ஆசையில் இத்தொழிலுக்கு வந்தவள் நான். கைக்கு வந்தவையோ திருமணப் பத்திரிகைகளும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளும்தான். எதுவானாலும் பிசிறில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

முந்தைய நாள் மாலை, மருத்துவமனையிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் படமும் குரல் பதிவும் அனுப்பியிருந்தார். அவருடைய அக்காள் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். முன்பு காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர், பின்னர் எண்ணூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தவர்.

"அக்கா, மாமா தனியா போட்டோவே எடுத்துக்கல. போட்ல நாலு பேரு நிக்கிறாங்க பாரு, லெப்ட்ல இருந்து ரெண்டாவது ஆளு. காலைல ஒட்டணும். பேருங்கள மட்டும் கரீட்டா போட்டுடுக்கா."

அது செல்ஃபி. நால்வருக்கும் ஒரே மாதிரி தாடி, ஒரே வெயில் கருமை. படகை மங்கலான பின்னணியாக வைக்க எண்ணினேன். ஆனால் அதன் பதிவு எண் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தது. அது என் கண்ணை உறுத்தியது. படத்தைத் திருப்பி எண்ணை நேராக்கினேன். அதன் பிறகே இடமிருந்து இரண்டாவது ஆளை வெட்டியெடுத்து, மாலை சூட்டினேன். மாதிரியை அனுப்பியபோது, அஞ்சலி செலுத்துவோரில் ஒருவருடைய இனிஷியல் விட்டுப்போனதாக மட்டும் பதில் வந்தது. முகத்தை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பத்து மணியளவில், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண் கடைக்குள் வந்தார். பசை காயாத சுவரொட்டியை என் மேசைமீது விரித்தார்.

"என் வூட்டுக்காரரு கடலுக்குப் போய் ஆறு நாளாவுது. அவரு செத்துட்டாருன்னு எனக்கு முன்னாடி உனுக்கு யாரு சொன்னது?"

பெயர் வேறாக இருக்கிறதே என்றேன்.

"பேர தப்பா போடுவாங்க. மூஞ்சி எப்டிமா தப்பாவும்?"

மூலப்படத்தைத் திறந்து சுவரொட்டியோடு ஒப்பிட்டேன். படத்தைத் திருப்பியபோது நான்கு பேரும் இடம் மாறியிருந்தார்கள். இறந்தவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு நான் மாலை போட்டிருந்தேன். நடந்ததை விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"அதெல்லாம் உன் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எனக்கு அவரு கொரலு கேக்கணும். கேக்குற வரைக்கும் நீயும் என்கூட குந்து."

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அவருடைய கணவர் போன படகின் உரிமையாளரின் அறையில் வயர்லெஸ் கருவி இரைந்துகொண்டிருந்தது. உரிமையாளர் மற்றப் படகுகளின் வழியாகவும் செய்தி அனுப்பினார். பதில் இல்லை. அந்தப் பெண் என்னை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. என் மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். அவர் விரலிலிருந்த பசை என் தோலில் காய்ந்தது. நேரம் ஆக ஆக, நான் செய்த பிழை உண்மையாகிவிடுமோ என்ற பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

நண்பகல் தாண்டிய பிறகு அந்தப் பெண்ணின் கணவர் குரல் வந்தது.

"இன்னாமே ரகள? வலை இழுத்துகினு கீறோம்."

அந்தப் பெண் உரிமையாளரைப் பார்த்துக் கை காட்டினார். சுவரொட்டியைப் பற்றி உரிமையாளர்தான் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"மாலையாவது பெருசா போட்டாங்களா?"

"பேமானி, வூட்டுக்கு வா, நானே போடறேன்" என்றவர் அப்போதுதான் அழுதார்.

உண்மையில் இறந்தது யார் என்று உரிமையாளர் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"அவனா? என் பக்கத்துலதான நின்னுகினு இருந்தான்..."

அந்தப் பெண் என் மணிக்கட்டை விட்டார். "எழுந்திரு. அங்க நெஜமாவே ஒருத்தி அழுதுகினு கீறா. அவ புருசன் மூஞ்சிய சரியா போடு."

புதிய சுவரொட்டியில் படகின் எண்ணை இடவலம் மாறியபடியே விட்டுவிட்டேன். ஊர்வலம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் புறப்படுவதற்குள், நாங்கள் இருவரும் பழையதைக் கிழித்துப் புதியதை ஒட்டினோம். துக்க வீட்டில் இறந்தவரின் மனைவியின் காலருகே உட்கார்ந்து, என் தவற்றை நானே சொன்னேன். அவர் சுவரொட்டியைக் கேட்டு வாங்கி, முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

இப்போது புத்தக அட்டைகளும் செய்கிறேன். ஆனால் அஞ்சலிப் படம் கேட்டு வருபவர், முகத்தின்மேல் தம் விரலை வைத்துக் காட்டாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. அந்தச் செல்ஃபியைத் திருப்பாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும், அவர்களில் இன்று மூவர் இருக்கிறார்கள்.