களி பூசிய எஞ்சினும் நாலு ‘டக்’கும்

பழைய காரின் எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். அதையும் சாகும்போதுதான் சொல்லும். துருவேறிய போல்ட்டைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்து நின்றிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நானும் சொந்தம். அரூரில் தீர்த்தமலை போகிற ரோட்டில் எங்கள் கேரேஜ். முதலாளி அப்பா. டீசல் மெக்கானிக் படித்துக்கொண்டே ஸ்பேனர் பிடிப்பதும், வந்து போகிறவர்கள் குரலையெல்லாம் பேசிக் காட்டுவதும் நான்.

கருகிய வாசம்

இண்டூர் முனுசாமி அண்ணனின் பழைய டாக்ஸி தெருமுனைக்கு வரும்முன்னே ‘டுபுடுபு’ வந்துவிட்டது. எஞ்சின் புகையை வாங்கிக் குழாயில் விடுகிற இரும்புக்கு மெனிபோல்டு என்று பெயர். அதை எஞ்சினோடு இறுக்கிப் பிடிப்பவைதான் ஸ்டட் என்கிற தலையில்லாத போல்ட்டுகள். அதில் ஒன்று உடைந்து, புகை பக்கவாட்டில் பீறிட்டது. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானதா என்கிற சோதனை. இந்தச் சத்தத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எஃப்.சி. இல்லையென்றால் டாக்ஸி ஓடாது, வூட்டில் அடுப்பு எரியாது. தருமபுரியில் ரெண்டு கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்களாம்.

பானெட்டைத் திறந்த அப்பா ரெண்டடி பின்னால் போனார். கருகின ராகி வாசம்! இடுக்கு முழுக்கக் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. “என்னங்கண்ணா இது?” என்றார்.

“களி தம்பி. அடுப்பு வெடிச்சா மண்ணு பூசறமில்ல, அந்த மாதிரி. மொரப்பூர் வரைக்கும் நல்லாத்தான் புடிச்சுது.”

என் வாய் செய்த வேலை

உடைந்ததை எடுக்க மெனிபோல்டைக் கழற்ற வேண்டும்; கழற்ற வேண்டுமென்றால் மற்ற நட்டுகளைத் திருப்ப வேண்டும். அவையும் துரு. எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அப்பா முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து மெல்ல அழுத்தினார். நான் பின்னால் நின்று நாக்கால் ‘டக்’ என்றேன். ஸ்டட் உடைகிற அசல் சத்தம்! அப்பா ஸ்பேனரைப் போட்டுவிட்டுத் துள்ளினார். முனுசாமி அண்ணன் தலையில் கைவைத்து டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பில் வயிறு வலித்தது. ரெண்டாவது நட்டுக்கும் ஒரு ‘டக்’. அதற்கும் துள்ளினார்கள்.

மூன்றாவது நட்டு. சத்தியமாக நான் வாயைத் திறக்கவில்லை. ‘டக்’.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொரு இழுப்பு இழுத்தார். ஸ்பேனர் லேசாகக் கையோடு வந்தது. அதற்குள் நட்டு, நட்டுக்குள் அரை ஸ்டட். அப்பா அதையே பார்த்தபடி கேட்டார்:

“அது நீதான புள்ள? நீதான்னு சொல்லிரு.”

ரெண்டு பொட்டு

மிச்ச நட்டுகளைத் திருப்பி மெனிபோல்டை எடுத்தபோது ரெண்டு உடைசல். பழையது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புதுசு மட்டத்தோடு மட்டம். பிடிக்க நுனி இல்லை. துளை போட்டு எடுக்கலாம். துளை கொஞ்சம் விலகினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டே பாழ், இந்தப் பழைய வண்டிக்கு வேறு ஹெட்டும் கிடைக்காது. பக்கத்துக் கடை ரஃபீக் பாய் வெல்டிங் கம்பியோடு வந்தார். உடைசல் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டைக்குள்ளேயே பற்றவைத்தால் ஸ்டட்டுக்குப் புதுத் தலை கிடைத்துவிடும்.

நீட்டிக்கொண்டிருந்தது சமர்த்தாக வந்துவிட்டது. மட்டமாக உடைந்ததில் பற்றவைத்த நட்டு மட்டும் தனியாக வந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் வந்தது. நடந்ததையெல்லாம் கேட்ட பாய், கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்:

“அண்ணே, மொதல்ல இந்தப் புள்ள வாயில ரெண்டு பொட்டு வெல்டிங் வெச்சிரலாம். ஸ்டட்ட அப்பறம் பாத்துக்கலாம்.”

துண்டு

பாய் இன்னொரு நட்டை வைத்துப் பற்றவைத்தார். செக்கச் சிவந்து அடங்கும்போது அப்பா மெழுகுவத்தியை வைத்தார். மெழுகு உருகி, துருவை வழுக்கிவிட ஸ்டட்டின் திருகு மரைக்குள் இறங்கியது. ஆறும்வரை காத்திருந்தோம். முனுசாமி அண்ணன் எழுந்து வந்து, தன் துண்டைச் சுருட்டி என்னிடம் நீட்டினார். நானே வாங்கி வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா ஸ்பேனரை அழுத்தினார்.

‘டக்’.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். துண்டோடு தலையை ஆட்டினேன்: நானில்லை! அப்பா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். உடைந்திருந்தால் லேசாகச் சுற்றியிருக்க வேண்டும். இது கனமாக, கிறீச்சென்று முனகிக்கொண்டே சுற்றியது. சுற்றச் சுற்ற, மெழுகு மினுக்க, ஸ்டட் வெளியே வந்தது. அப்போதுதான் தெரிந்தது: துரு பிடியை விடும்போதும் அதே சத்தம்தான்.

முனுசாமி அண்ணன் என் வாயிலிருந்த துண்டைப் பிடுங்கி, எச்சில் என்றுகூடப் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“திங்கக்கெழம நீயும் வண்டியில வா பாப்பா. ஆபீசர் முன்னால எஞ்சின் சத்தம் போட்டுதுன்னா, நாந்தான் வாயில பண்ணேன்னு சொல்லிரு.”

போனேன், புது ஸ்டட்டுகளோடு எஞ்சின் கப்சிப்பென்று ஓடி எஃப்.சி. வாங்கியது. ஆக, உடைந்தாலும் கழன்றாலும் ஒரே ‘டக்’தான், எதுவென்று தெரியும்வரை மெக்கானிக் மூச்சு விடக்கூடாது, மெக்கானிக் மகள் வாயே திறக்கக்கூடாது.