காணும் பொங்கலுக்கு மறுநாள் பிறந்தவன்

என் மகன் காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் பிறந்தான். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன கரும்புச் சக்கையும் காகிதத் தட்டும் மணல் முழுக்கக் கிடந்தன. அதை மிதித்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்க ஓடினார். அதனால் நாள் எனக்கு மறக்காது. ஆனால் அவனுடைய பள்ளிக்கூடத்துக் காகிதத்தில் ஜூன் மாதம் என்று இருக்கிறது, அதுவும் முந்தின வருஷத்து ஜூன். ஏழு மாதம் கூட. அந்த ஏழு மாதம் எப்படி வந்தது என்று நான் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நாங்கள் மெரினாக் கரையோரத்து நொச்சிக்குப்பம். பிள்ளைக்கு மூன்று வயதானபோது வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். அந்த வருஷக் கடைசியில் கடல் வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்தபோது பிள்ளை என் இடுப்பில் இருந்தான், தகரப் பெட்டி இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன.

அப்போது லூப் ரோட்டு ஓரத்தில் நாத்தனார் மீன் விற்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பேன். கூவி விற்க எனக்கு வராது. அவளுக்கு வாய், எனக்குக் கை. குனிந்து செதில் தேய்ப்பேன், நிமிர்ந்து பிள்ளை தண்ணீர்ப் பக்கம் போய்விட்டானா என்று பார்ப்பேன். அந்த வருஷம் இரண்டு தரம் விரலை வெட்டிக்கொண்டேன்.

“இஸ்கூல்ல போட்டுடேன்டி” என்றாள் நாத்தனார்.

“நாலரைதானே ஆவுது. அஞ்சு முடியணுமாம்.”

“முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு. மாட்டுக்குப் பாக்கற மாதிரி பல்லைப் புடிச்சா பாக்கப் போறாங்கோ?”

தலைமை ஆசிரியர் வயசு கேட்டார். அஞ்சு முடிந்துவிட்டது என்றேன். தேதி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. காகிதம் ஏதாவது இருக்கிறதா என்றார். கடல் எடுத்துக்கொண்டது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்காமல் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அன்று எனக்கு முன்னால் நின்ற பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஜூன் மாதத்தில்தான் பிறந்த தேதி. நிம்மதியாக வந்து மீன் வெட்டினேன்.

பிள்ளை மணலில் பந்து ஆடி வளர்ந்தான். கால் புதையும் மணலில் ஆடியவனுக்குப் பள்ளிக்கூடத்து மைதானம் சிமெண்ட்டுத் தரை மாதிரி இருந்திருக்க வேண்டும். விளையாட்டு மாஸ்டர் அவனை நடுவில் நிறுத்தினார். நடுவில் நிற்கிறவன் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன். யார் எங்கே ஓடுகிறான் என்று பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம். நாத்தனார் மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

“உம்புள்ள ஒரு கோலாவது போடுறானா? எல்லாருக்கும் தட்டித் தட்டிக் குடுத்துக்கினு கீறான். வெட்டிக் குடுக்கறவளுக்குப் பொறந்தவன்தானே.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பத்தாம் வகுப்பில் பெற்றோர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். பரீட்சைச் சான்றிதழில் அச்சாகப் போகிற பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒரு பெரிய தாளில் வரிசையாக இருந்தன. பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நல்லாப் பாத்துக்குங்க. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் கோர்ட்டுக்குத்தான் அலையணும்” என்று டீச்சர் சத்தமாகச் சொன்னார்.

எழுதத் தெரியாதவர்களுக்குத் தனியாக ஒரு மேஜை. அங்கே டீச்சர் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வாங்கினார். நான் ஐந்தாவது வரை படித்தவள். படித்தவர்கள் வரிசையில் போய் நின்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் முறை வந்தது. ஜூன் ஒன்று என்பதன் மேல் விரலை வைத்தேன். தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால், அப்புறம் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்பார்கள். வயசு பற்றாது என்று பரீட்சைக்கே உட்காரவிடாமல் நிறுத்திவிட்டால்? பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். மீன் வாசம் வந்ததோ என்னவோ, பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

“சரியா இருக்காம்மா?” என்றார் டீச்சர்.

தலையை ஆட்டினேன். பெயரை எழுதினேன். கோணாமல், அழகாகத்தான் வந்தது.

விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் கிடைத்தது. மயிலாப்பூர் பக்கம்தான், சைக்கிளிலேயே போய்விடுவான். மூன்றாம் வருஷம் அவனையே கேப்டன் ஆக்கினார்கள். ஒரே ஒரு தரம் போய்ப் பார்த்தேன். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, மதில் ஓரமாக நின்றேன். அவன் பந்தைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தான். ஒரு பையனைப் பார்த்து, “இன்னா மச்சி தூங்கிக்கினு கீற, அங்க ஓடு, பந்து தானா வரும்” என்று கத்தினான். அந்தப் பையன் ஓடினான். பந்து அவன் காலுக்குப் போய்ச் சேர்ந்தது. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை. நான் இருப்பது தெரியும் முன்பே திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களுக்கான மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். அந்த அணியில் ஆடிவிட்டால் ஏதாவது ஒரு ஆபீஸ் டீம் வேலையோடு எடுத்துக்கொள்ளும் என்று கோச் சொல்லியிருந்தார். அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில் நான்கு நாள் ஆட்டம். நான்காம் நாள் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இருந்தது. நாத்தனார் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மீன் விற்றாள்.

மறுநாள் சான்றிதழ் பார்த்தார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். ஷூவைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தான்.

“வயசு ஏழு மாசம் ஜாஸ்தியாம்.”

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

“நான் பொங்கலுக்குப் பொறந்தேன்னுதானேம்மா சொல்லுவ? அந்த ஹெச்.எம். இன்னா நெனச்சு எழுதினான்? ஒரு அம்மாவைக் கேக்கத் தோணலையா அந்தாளுக்கு?”

அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீரைக் குடி என்றுதான் சொன்னேன்.

அவன் விடவில்லை. தேதியை மாற்ற வழி உண்டா என்று கேட்கப் பள்ளிக்கூடத்துக்கே போனான். இரண்டு நாள் கழித்து நேராகக் கடைக்கு வந்தான். ஒருவர் வஞ்சிரம் வாங்கி, துண்டு போட என்னிடம் கொடுத்துவிட்டு நின்றிருந்தார். மகன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். அந்தப் பெரிய தாளைப் படம் பிடித்திருந்தான். அவன் பெயர், ஜூன் ஒன்று, பக்கத்தில் என் கையெழுத்து.

“இது நீ போட்டதா?”

“ஆமா.”

“படிச்சுப் பாத்துட்டா போட்ட?”

நாத்தனார் குறுக்கே வந்தாள். “ஏண்டா நைனா, நாலு பேர் நிக்கறப்போ இன்னாடா பேச்சு. நான்தான்டா அஞ்சுன்னு சொல்லச் சொன்னேன்.”

“நீ சொன்னது ஒண்ணாங் கிளாஸ்ல அத்தை. இது பத்தாவது.” அவன் என்னைத்தான் பார்த்தான். “படிச்சியாம்மா?”

“படிச்சேன்.”

“தப்புன்னு தெரியும்?”

தலையை ஆட்டினேன். வஞ்சிரம் வாங்கினவர் கொஞ்சம் மெல்லிசாகப் போடச் சொன்னார். நான் மெல்லிசாகப் போட்டேன். நிமிர்ந்தபோது மகன் இல்லை.

கோர்ட்டுக்குப் போனால் வருஷக் கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த அணி அதற்குள் ஆடி முடித்து ஊர் திரும்பியிருந்தது. அவனுக்குப் பதில் எடுத்த பையனுக்கு ஓர் ஆபீஸில் வேலையும் ஆகிவிட்டது. இவன் கல்லூரி டீமில் மீதி ஆட்டங்களை ஆடினான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், ஒரு பக்கம் ஏழு பேர் ஆடும் போட்டிகளில் ஆடினான். ஒரு ஞாயிறு முழங்காலுக்குள் ஏதோ அறுந்துபோயிற்று. இப்போது தி. நகரிலும் அடையாறிலும் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறான். குப்பத்தில் இப்போது எங்களுக்கு மாடி வீடு; படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறான். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான்.

போன பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், லூப் ரோட்டுக் கடைகளுக்குப் பதிலாகக் கட்டிக்கொடுத்த மீன் மார்க்கெட்டுக்கு நான் கிளம்பும்போது, ஒரு தாளை என்னிடம் கொடுத்தான். மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். தேதியை வைத்துத் தேடினானாம். ஆஸ்பத்திரியில் எழுதிவைத்தது இத்தனை வருஷமும் அங்கேயே இருந்திருக்கிறது. கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். கடல் எடுத்தது என் பெட்டியை மட்டும்தான்.

தேதி சரியாக இருந்தது. அப்பா பெயர், என் பெயர். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. ஆண் என்று மட்டும் இருந்தது.

“இது நான்தான்னு யாரு சொல்லுவா?” என்றான்.

“நான் சொல்றேன்டா” என்றேன். “எங்க வேணாலும் வந்து சொல்றேன். எத்தினி பேர் நின்னாலும் சொல்றேன்.”

அவன் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“இப்ப யாரும் கேக்கலையேம்மா” என்றான்.

தாளை மடித்து டிவிக்கு அடியில் வைத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினான். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கும் வரை நின்றேன். பிறகு நானும் மீன் வெட்டப் போனேன்.