எட்டுக் கால் குருவி

சூலூர் குளத்துக்கு நான் போனது உப்புக்கொத்தியைப் படம் எடுக்க. தண்ணீர் ஓரமாக ஓடித் திரியும், சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை. பக்கத்தில் தன் தங்கை வீட்டு விருந்துக்குக் கிளம்பிய என் மனைவியும் கூடவே வந்து மாட்டிக்கொண்டாள்.

பறவை சரளைக்கல் திட்டில் நின்றது. வெயிலோ நேர் எதிரே. எடுத்த படமெல்லாம் வெறும் கறுப்பு உருவம். ஓர் இறகுகூடத் தெரியவில்லை. திட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டால் வெயில் முதுகுக்கு வந்துவிடும். எடுத்ததை அழித்துவிட்டு நடக்கலாம் என்று பேன்ட்டை மடித்துவிட்டேன்.

"அழிக்கறதுக்கு மின்னால எனக்கொருக்கா காட்டுங்க" என்று கேமராவை வாங்கினாள். வெயிலில் திரை தெரியாததால் முந்தானையைத் தலைக்கும் கேமராவுக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, குருவிக்கு எத்தனை காலுங்க?"

"ரெண்டுதான்."

"இதுக்கு எட்டு இருக்குதுங்க."

நானும் முந்தானைக்குள் தலையை விட்டேன். பறவையின் வயிற்றுக்கடியில் குச்சி குச்சியாக ஆறு சின்னக் கால்கள். மூன்று குஞ்சுகள். நிமிர்ந்து திட்டைப் பார்த்தால் பறவையும் கல்லும்தான்; கல் நிறத்துக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் திட்டின் மேல்தான் நடக்க இருந்தேன்.

"வாங்க போலாம். அது புள்ளைகளோட நிக்குதுங்க" என்றாள். வந்த வழியே திரும்பினோம்.

இப்போதெல்லாம் வெயில் எதிரே இருந்தாலும் நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் வெளிச்சம் சரியில்லை என்பார்கள். ஆமாம் என்பேன். சமையலறையிலிருந்து அவள் குரல் வரும்: "காலை எண்ணிப் பாருங்க."