ஃப்ரிட்ஜுக்கு கிமோனோ, டிரைவருக்கு ஓட்டைப் போர்வை

"நடு ஹால்ல பஸ் சீட்டு வெச்சிருக்கற வீடு உலகத்துலயே இது ஒண்ணுதான். அதுல வந்து நான் மாட்டினேன்!"

காலையில தரை துடைக்கும்போது டெய்லரக்கா வாயிலிருந்து வர்ற முதல் பேச்சு இதுதான். சொல்லிக்கிட்டே ஈரத்துணியை அந்த சீட்டோட காலைச் சுத்தி வளைச்சு வளைச்சுத் துடைப்பாங்க. வளைக்காம முடியாது. சீட்டு தரையோட போல்ட் போட்டு முடுக்கியிருக்கு, நகராது. அதுல உட்கார்ந்திருக்கற அவங்க வீட்டுக்காரரும் நகர மாட்டார். "காலைத் தூக்குங்க"ன்னா தூக்குவார். அந்த வீட்டு வேலையில அவரோட பங்கு அவ்வளவுதான்.

அவரு ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். அவர் ஓட்டின வண்டியை உடைக்கப் போட்டப்போ, டிரைவர் சீட்டை மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்து, தெரு ஜன்னலுக்கு நேரா இறக்கிட்டார். பக்கத்துல ஒரு லிவர். இழுத்தா 'புஸ்ஸ்'னு சீட்டு மேல போகும், தட்டினா கீழ வரும். கிழிஞ்ச ரெக்ஸின், எட்டிப் பார்க்கற பஞ்சு, ஓரமெல்லாம் கிரீஸ் கறை. சோபா சும்மா கிடக்கு, அதுல உட்கார வேண்டியதுதானே? உட்கார மாட்டார். "சோபாவுல உட்கார்ந்தா பாசஞ்சர் மாதிரி இருக்கு"ம்பார்.

வேற வீடா இருந்தா இதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. டெய்லரக்கா வீடாச்சே!

அக்காவுக்கு வீடும் ஒண்ணு, பொம்பளையும் ஒண்ணு. ரெண்டுக்கும் உடம்பு இருக்கு, ரெண்டுக்கும் குறை இருக்கு, அதை மறைக்கத்தானே துணின்னு சொல்வாங்க. தெருமுனையில மாடிப்படிக்கு அடியில அவங்க கடை. தைச்சுக்கிட்டே போன்ல ஊர் உலகத்துப் பொம்பளைங்க என்ன போடறாங்கன்னு பார்ப்பாங்க. பார்த்தது மனசுல ஏறினா போதும், அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல ஏதோ ஒரு சாமானுக்குப் புதுத் துணி.

ஃப்ரிட்ஜ் கிமோனோ போட்டிருக்கு. "மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அகலம், இடுப்பே இல்ல. அந்த மாதிரி உடம்புக்குன்னே ஜப்பான்ல அளவெடுத்த மாதிரி வெச்சிருக்காங்க"ன்னு சொல்லி, பெரிய பூப்போட்ட துணியில தைச்சு, நடுவுல பட்டையா ஒரு இடுப்புத் துணியும் கட்டிட்டாங்க. பால் வேணும்னா வலது கைக்குள்ள கையை விடணும். முட்டை இடது கைப் பக்கம்.

வாஷிங் மெஷினுக்கு ஸ்பெயின் பாவாடை, அடுக்கு அடுக்கா ஃப்ரில் வெச்சது. துணி பிழியற நேரத்துல மெஷின் குலுங்குமா, ஃப்ரில்லெல்லாம் பறக்கும். "ஆடறவளுக்கு ஆடற பாவாடைதானே போடணும்?" ஹால் விளக்குக்கு ஆப்பிரிக்காவுல கட்டற மாதிரி பெரிய தலைக்கட்டு. பாத்ரூம் வாசல்ல சணலைப் பிரிச்சுத் தொங்கவிட்ட ஹவாய் புல்பாவாடை. அவசரத்துல ஓடறவங்க காதுல கம்மல் இருந்தா மாட்டிக்கும், ஜாக்கிரதை. எல்லாம் பார்க்க அழகுதான், இல்லைன்னு சொல்லல. அந்த ஃப்ரில்லுல சேர்ற தூசியைத் தட்டறதுக்கு ஒரு ஆள் போடணும்.

கடைக்கு வர்றவங்ககிட்டயும் இதே கதைதான். மாடிவீட்டம்மா ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வந்தப்போ, "உங்க தோள் கர்ட்டன் ராடு மாதிரி நேரா இருக்கு. எதைத் தொங்கவிட்டாலும் அழகா விழும்"னு சொன்னாங்க. அந்தம்மாவுக்கு சந்தோஷப்படறதா சண்டை போடறதான்னு தெரியல. யோசிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. அப்புறம் இன்னொரு ஜாக்கெட் துணியோட திரும்பி வந்தாங்க.

ஆனா பொழப்பு என்னமோ ஆல்ட்டர் வேலையிலதான் ஓடுது. பெருத்தவங்க பிரிக்கச் சொல்வாங்க, இளைச்சவங்க பிடிக்கச் சொல்வாங்க. இளைச்சவங்க ரொம்பக் கம்மி. வீட்டை வந்து பார்க்கறவங்க வயிறு வலிக்கச் சிரிச்சுட்டுப் போவாங்களே தவிர, "எங்க வீட்டுக்கும் இப்படிச் செஞ்சு குடு"ன்னு ஒருத்தரும் வாயைத் திறந்ததில்ல. அக்காவும் கூடச் சேர்ந்து சிரிச்சுட்டு, அவங்க போனதும் ஃப்ரிட்ஜோட இடுப்புத் துணியை இழுத்து இறுக்கிக் கட்டுவாங்க.

அப்படி இருக்கும்போதுதான் லாட்ஜ்காரம்மா கடைக்கு வந்தாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு பழைய லாட்ஜை வாங்கியிருக்கறவங்க. ஆள் ரொம்பக் குள்ளம். கண்ணாடி மூக்கு நுனியில நிக்கும், எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவாங்க. சுடிதார் பேண்ட் நீளம் குறைக்க வந்தவங்க, துணி மாத்தற மறைப்புல தொங்கற திரையைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாங்க. அதுக்கு கொசுவம் வெச்சு, ஓரத்துல முந்தானை விட்டுத் தைச்சிருந்தாங்க அக்கா.

"இதை யாரு பண்ணது?" திரையைத் தடவிக்கிட்டே கேட்டாங்க.

"நான்தாங்க மேடம்."

"என் லாட்ஜ்ல ரூமுக்கு ரூம் இப்படி வேணும். உன் வீட்டை எப்படி வெச்சிருக்க? ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன். பிடிச்சா வேலை உனக்குத்தான்."

அக்கா வாயில கடிச்சிருந்த ஊக்கு கீழ விழுந்துடுச்சு. நல்லவேளை, வெளியில விழுந்துச்சு.

வீட்டுக்கு ஓடி வந்தாங்க. நடு ஹால்ல சீட்டு. சீட்டுல அவரு.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் அந்த போல்ட்டைக் கழட்டுங்க."

"வண்டி ஓடிட்டு இருக்கும்போது சீட்டைக் கழட்டச் சொல்றியா?"

"வண்டி எங்கங்க ஓடுது?"

"அது உனக்குத் தெரியாது."

"என் பொழைப்புங்க இது! அந்தம்மா வந்து இந்தக் கிழிஞ்ச மூஞ்சியைப் பார்த்தா வேலை குடுப்பாங்களா?"

"கிழிஞ்ச மூஞ்சின்னு சீட்டைச் சொல்றியா, என்னைச் சொல்றியா?"

"ரெண்டும் ஒட்டித்தானே இருக்கு. பிரிச்சா சொல்ல முடியும்?"

பேசிப் பிரயோஜனம் இல்லைன்னு சீட்டுக்கே துணி போட்டுப் பார்த்தாங்க அக்கா. பாரிஸ் கவுன் தைச்சு மாட்டினாங்க. அவரு உட்கார்ந்ததும் முதுகுப் பக்க ஜிப் பிளந்துடுச்சு. சரி, புடவை எந்த உடம்புக்கும் ஒத்துவரும்னு அதைச் சுத்தினாங்க. அவரு லிவரை இழுத்தார், கொசுவம் உள்ள போய் மாட்டிக்கிச்சு. சீட்டு உச்சத்துல நின்னுடுச்சு. மத்தியானச் சாப்பாட்டை ஸ்டூல் மேல ஏறி நின்னு நீட்டினாங்க. அவரு குனிஞ்சு பார்த்து, "இங்க காத்து நல்லா வருது"ன்னார்.

சாயங்காலம் கத்திரிக்கோலோட கீழ உட்கார்ந்து, மாட்டின துணியை வெட்டி வெட்டி எடுத்துட்டிருந்தப்போதான் அக்காவுக்குப் புத்தியில பட்டுச்சு. தப்பு துணியில இல்ல, அளவுல. சீட்டுக்குத் தனியா, இவருக்குத் தனியான்னு நினைச்சதுதான் தப்பு. இது ரெண்டும் ஒரே உடம்பு.

தென் அமெரிக்கா மலைப்பக்கம் ஒரு உடுப்பு உண்டு. அகலமா ஒரு போர்வை, தலை நுழைய நடுவுல ஓட்டை. தோள்லருந்து கூடாரம் மாதிரி விழும், உள்ள எது இருந்தாலும் வெளிய தெரியாது. அக்கா டேப்பை எடுத்தாங்க.

"நிமிர்ந்து உட்காருங்க. வயித்தை உள்ள இழுக்காதீங்க."

"எனக்கு ஏது வயிறு?"

"எனக்குத் தெரியல. டேப்புக்குத் தெரியுது."

சிவப்பு, மஞ்சள், நீலம்னு பட்டை பட்டையா ஒட்டு போட்டு, தரை வரைக்கும் தைச்சு முடிச்சாங்க. அவரு தலையை மட்டும் வெளிய நீட்டி உட்கார்ந்தார். சீட்டும் தெரியல, கிரீஸும் தெரியல, வயிறும் தெரியல. வண்ணமா ஒரு குன்று, உச்சியில ஒரு வழுக்கை.

"ஞாயித்துக்கிழமை இப்படியே வாயைத் திறக்காம உட்காரணும். ஏன் போர்த்தியிருக்கீங்கன்னு கேட்டா குளிருதுன்னு சொல்லுங்க."

"இந்த வெயில்லயா?"

"காய்ச்சல்னு சொல்லுங்க."

"ஜன்னலுக்கு மட்டும் திரை போடாதே. ரோடு தெரியணும்."

சரின்னுட்டாங்க அக்கா. மொத்த வீட்டுலயும் அந்த ஒரு ஜன்னல் மட்டும் துணியில்லாம நின்னுச்சு. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே கூச்சப்பட்டாங்க.

ஞாயித்துக்கிழமை லாட்ஜ்காரம்மா வந்தாங்க. தண்ணி கேட்டாங்க. ஃப்ரிட்ஜோட வலது கைக்குள்ள கையை விடச் சொன்னாங்க அக்கா. விட்டாங்க, பாட்டிலை எடுத்தாங்க. "கை குலுக்கின மாதிரி இருக்கு"ன்னு அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு. வாஷிங் மெஷினைப் போட்டுக் காட்டினதும் கையைத் தட்டினாங்க. புல்பாவாடையைத் தள்ளிட்டுப் போய் பாத்ரூமையும் பார்த்துட்டு வந்தாங்க. அக்கா மனசுக்குள்ள ரூமுக்கு ரூம் அளவெடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கிடைச்சுடும் போல இருக்கே!

அப்புறம் ஹால். அந்தம்மாவுக்கு முதல்ல தெரிஞ்சது குன்றோட முதுகும் வழுக்கையோட பின்பக்கமும்தான்.

"அடடே, பொம்மையா? எங்க வாங்கின?"

அக்கா வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா போய்த் தலையைத் தொட்டாச்சு. தொட்டு, தடவி, விரலால 'டொக்கு டொக்கு'ன்னு தட்டியும் பார்த்தாச்சு. "அசல் தலை மாதிரியே பண்ணியிருக்கான். சூடு கூட இருக்கே!"

டிரைவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு அசையாம இருந்தார். பொண்டாட்டிக்காக அவ்வளவு நேரம் பொறுத்ததே பெருசு. ஆனா அந்த நேரம் பார்த்து வெளியில ஒரு கார்க்காரன், கையும் காட்டாம லைட்டும் போடாம, திடுதிப்னு வண்டியைத் திருப்பினான். அதை எந்த டிரைவர் பார்த்துட்டுச் சும்மா இருப்பான்? போர்வைக்குள்ள கை லிவரை இழுத்துச்சு. 'புஸ்ஸ்'னு குன்று வளர்ந்துச்சு. உச்சியிலருந்து தலை கத்துச்சு: "டேய்! இண்டிகேட்டர் போட்டா கை ஒடிஞ்சா போயிடும் உனக்கு?"

"ஐயோ!"ன்னு ஒரு அலறல். அக்கா திரும்பிப் பார்த்தா லாட்ஜ்காரம்மாவைக் காணோம். பாத்ரூம் வாசல்ல புல்பாவாடை நடுங்குது. கீழ ரெண்டு கால் மட்டும் தெரியுது.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு. அக்கா கண்ணு முன்னால, சாகற வரைக்கும் பிரிக்க வேண்டிய ஜாக்கெட்டுங்க வரிசையா வந்து நின்னுச்சு.

சணலை விலக்கிக்கிட்டு ஒரு மூக்குக்கண்ணாடி மெதுவா எட்டிப் பார்த்துச்சு. "அது... ஆளா?"

"என் வீட்டுக்காரருங்க மேடம். மன்னிச்சுக்குங்க. காய்ச்சல்..."

லாட்ஜ்காரம்மா வெளிய வந்தாங்க. சீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்தாங்க. "இன்னொரு தடவை ஏத்துங்க." ஏத்தினார். "இறக்குங்க." இறக்கினார். "நான் உட்கார்ந்து பார்க்கலாமா?"

அந்த சீட்டுல இதுவரைக்கும் வேற யாரும் உட்கார்ந்ததில்ல. அக்காவே உட்கார்ந்ததில்ல, உட்காரட்டுமான்னு கேட்டதும் இல்ல. டிரைவர் ஜன்னல் வழியா ரோட்டைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அக்கா டேப்பை விரல்ல சுத்திச் சுத்தி, விரல் நுனி ரத்தம் கட்டிச் சிவந்து கிடந்துச்சு.

"லிவரை மெதுவா இழுங்க மேடம், வெடுக்குன்னு இழுத்தா அடம் பிடிக்கும்"னு சொல்லிட்டு, ஓட்டைக்குள்ள தலையை இழுத்துக்கிட்டு வெளிய வந்தார். நேரா சோபாவுக்குப் போய், அதோட நுனியில, கைப்பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார்.

அந்தம்மா ஏறி, தலையை நுழைச்சு, லிவரை இழுத்தாங்க. 'புஸ்ஸ்'.

"எல்லாம் தெரியுதே இங்கருந்து! அங்க கவுண்ட்டருக்குப் பின்னால உட்கார்ந்தா என் தலையே வெளிய தெரியாது. வர்றவன் ஆளே இல்லைன்னு நினைச்சு மணியை அடிச்சுக்கிட்டே இருக்கான். எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்."

"ஆளோடயா மேடம், ஆள் இல்லாமயா?" அக்கா இன்னும் நிலைக்கு வரல.

"ஆள் நான்தாம்மா! சீட்டும் போர்வையும் குடு. அப்படியே ரூமையெல்லாம் நீயே பார்த்துக்க."

சோபாவிலருந்து டிரைவர் சொன்னார், "சீட்டு எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும்."

இப்போ ரெண்டு பேரும் பகல் பூரா அந்த லாட்ஜ்லதான் இருக்காங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பச்சைக் கதவு போட்டது. அக்கா ஏணி மேல நின்னு கர்ட்டன் ராடு மாட்ட, அவரு கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு "ரைட்... ரைட்... இன்னும் கொஞ்சம்... ஸ்டாப்!"னு குரல் குடுப்பார். வேலை பார்த்த காலமெல்லாம் கண்டக்டர்கிட்ட கேட்டதை இப்போ பொண்டாட்டிகிட்ட சொல்லித் தீர்த்துக்கறார்.

நேரம் கிடைச்சா நீங்களும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. ரூம் எடுக்கணும்னு இல்ல, சும்மா போங்க. கவுண்ட்டருக்குப் பின்னாலருந்து ஒரு மூக்குக்கண்ணாடி 'புஸ்ஸ்'னு எழும்பி வந்து, என்ன வேணும்னு கேட்கும். டெய்லரக்காவைப் பார்க்கணும்னு சொல்லுங்க, மாடியைக் கை காட்டும். படி ஏறிப் போனா அக்கா இருப்பாங்க. முகத்தைப் பார்க்க மாட்டாங்க. உங்க தோளைப் பார்ப்பாங்க, ஜன்னலைப் பார்ப்பாங்க, மறுபடி தோளைப் பார்ப்பாங்க. நீங்க வணக்கம் சொல்றதுக்குள்ள உங்க துப்பட்டாவை உருவி ராடுல மாட்டி, ரெண்டடி பின்னால போய், தலையைச் சாய்ச்சுப் பார்ப்பாங்க.