குச்சி மிட்டாய்க்கு வந்த புதுச் சட்டை

உரித்துச் சாப்பிடுவது எப்படி என்று விளக்கத் தாள் போட்டு விற்கப்பட்ட குச்சி மிட்டாய் உலகத்திலேயே எங்கள் கம்பெனியுடையது ஒன்றாகத்தான் இருக்கும். படம் போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் போட்டு அச்சடித்தார்கள். மூன்று வயதுக் குழந்தை அதைப் படித்துவிட்டுச் சப்ப வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது.

தருமபுரியிலிருந்து தொப்பூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது கம்பெனி. சர்க்கரையும் குளுக்கோஸும் காய்ச்சி, அச்சில் ஊற்றி, குச்சி சொருகி, ஆறவைத்து, உறை சுற்றி அனுப்புவோம். உறை சுற்றும் மேசையில் பன்னிரண்டு பெண்கள். நான் சூப்பர்வைசர். அதாவது, தப்பு நடந்தால் முதலில் திட்டு வாங்குகிற ஆள்.

பிளாஸ்டிக் குச்சிக்குத் தடை வந்ததும் முதலாளி காகிதக் குச்சிக்கு மாறினார். அதில் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவு அவர் மகள் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை பெங்களூரில் அட்டைப் பெட்டிகளுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தவர். வேலையை விட்டாரா, விடச் சொன்னார்களா என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை லேப்டாப்போடு வந்து, முதலாளியின் அறையிலேயே இன்னொரு மேசை போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலாளியை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். இவரைத் தவறிப்போய் அப்படிக் கூப்பிட்ட பெண்ணிடம், "சார்னு கூப்பிடுங்க, இது ஆபீஸ்" என்றார். பாகு காய்ச்சுகிற அடுப்பு அங்கிருந்து பத்தடி.

பத்து நாளில் அவருடைய கண்டுபிடிப்பு தயாராகிவிட்டது. குச்சி காகிதம் என்றால் உறையும் ஏன் காகிதமாக இருக்கக் கூடாது? கேள்வியில் தப்பில்லை. பழுப்பு நிறத்தில் கனமான காகிதம், மேலே ஒரு பச்சை இலை, பக்கவாட்டில் கிழிப்பதற்காகத் துணி தைக்கிற மிஷினை ஓட்டியதுபோல் பொடித் துளைகள். உறையின் அடிப்பாகத்தைக் குச்சியோடு பசை வைத்து ஒட்ட வேண்டும். "மேம்படுத்தப்பட்ட காகித உறை" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. மிட்டாய் என்கிற வார்த்தை அதற்குக் கீழே சின்னதாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "மிட்டாயை ஒரு மணி நேரம் சும்மா ஆறவைக்கிறீங்க. டைம் வேஸ்ட். இளஞ்சூடாவே சுத்துங்க" என்றும் சொன்னார்.

மேசையின் கோடியில் வத்தல்மலைப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். மலையில் அவர்களுக்கு நிலம் இருக்கிறது, சாமை போடுவார்கள். அண்ணன் அங்கேயே சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். எங்கள் மிட்டாய் மலைக்குப் போவது அந்தக் கடை வழியாகத்தான். அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"சூட்டோட மூடுனா உள்ள வேர்க்கும்ங்க சார். பேப்பர் மிட்டாய்ல ஒட்டிக்கும். எங்க ஊர்ல பனி வேற."

"உங்க ஊருக்கு மட்டுமா நாம மிட்டாய் போடறோம்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மலையிலருந்து வர்றவங்களுக்குப் பேக்கேஜிங் புரியாதும்மா. நீங்க எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் தலையாட்டினேன். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக மிட்டாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், தெரியாமல் எப்படி இருக்கும்? இருந்தும் தலையாட்டினேன்.

சோதனை என்று ஒன்று நடந்தது. எங்கே? ஏசி போட்ட அவருடைய அறையில். சுற்றி வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகாத மிட்டாயை அவரே உரித்தார். உறை சமர்த்தாக வந்தது. "பாத்தீங்களா?" என்றார். முதலாளி மகிழ்ந்துபோனார். சோதனை செய்யப்பட்டது, திருப்தி என்று எழுதிய தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். வெளியே, மேசைமேல் முந்தின நாள் சுற்றி வைத்த மிட்டாய் ஒன்று இருந்தது. காலையில்தான் அதை உரிக்கப் பார்த்து, நகம் மடங்கி விட்டுவிட்டேன். அதை எடுத்து வந்து காட்டியிருக்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அறிமுக விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், வெயிலில் வந்ததால் வேர்த்திருந்தது. முதல் மிட்டாயை அவர் கையில் கொடுத்து, "சார், நீங்களே ஓப்பன் பண்ணுங்க" என்றார் மாப்பிள்ளை. அதிகாரி துளைக்கோட்டில் கிழித்தார். இலை கிழிந்தது, உறை கிழியவில்லை. சுரண்டினார். பல்லால் கடித்தார். போட்டோ எடுப்பவன் காத்துக்கொண்டே நின்றான். கடைசியில் உள்ளே இருந்து வந்தது, பழுப்பு மயிர் முளைத்ததுபோல ஒரு சிவப்பு உருண்டை. அதை ஒரு நிமிஷம் பார்த்தார். வாயில் வைக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "நல்ல முயற்சி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

உறையில் தப்பு என்று அதற்குப் பிறகாவது மாப்பிள்ளை ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "யூசருக்குப் பழக்கம் இல்லை" என்றார். அப்படிப் பிறந்ததுதான் அந்த விளக்கத் தாள். முதலாளியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "தெரியுதும்மா. மாப்ளைய ஒண்ணும் சொல்ல முடியாது. பொண்ணு வருத்தப்படும்" என்றார். ஆக, அவர் மகள் சந்தோஷமாக இருப்பதற்காக மாவட்டத்துக் குழந்தைகள் எல்லாம் காகிதம் தின்றன.

மூன்றாவது வாரம் வத்தல்மலைப் பெண் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மலையிலிருந்து ஜீப்பில் கீழே கொண்டுவந்து, பஸ்ஸில் ஏற்றி, ரோட்டிலிருந்து நடந்து தூக்கி வந்திருக்கிறாள். அண்ணன் கடைக்குப் போன சரக்கு மொத்தமும் அதில் இருந்தது. நேராக ஏசி அறைக்குள் போய் மேசைமேல் கொட்டினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எங்க அண்ணன் மவ வாயில பேப்பர் மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு சார். மூச்சு வுட முடியாம கண்ணு சொருகிடுச்சு. எங்கண்ணி வெரல வுட்டுக் கிழிச்சுத்தான் எடுத்தா. ரத்தம் வந்துச்சு."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை கேட்டார்: "விளக்கத் தாள் கொடுத்தீங்களா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. "நீங்கதான டெஸ்ட்டுல கையெழுத்துப் போட்டீங்கக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு முதலாளியின் வீட்டுக்குப் போய்க் கம்பெனிச் சாவி வாங்கினேன். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். சாவியைத் தரும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாங்கள் இருவருமாக ஒரு சட்டிப் பாகு காய்ச்சினோம். மிட்டாயை ஃபேனுக்குக் கீழே முழுசாக ஆறவிட்டோம். உள்ளே மெழுகுக் காகிதம், வெளியே பழுப்புக் காகிதம். பசை வைக்கவில்லை, பழையபடி கழுத்தில் ஒரு முறுக்கு மட்டும். அதுவும் இறுக்கமாக வேண்டாம் என்றாள் அவள். "வெரல் நொழையற அளவுக்கு எடம் வுடுங்கக்கா. கொழந்த கை சின்னது." சுற்றியதை எல்லாம் ஒரு கொத்தாகக் கட்டிக் கொதிக்கிற அண்டாவுக்கு மேலே, மலைப் பனிக்குப் பதிலாக ஆவி படுகிற இடத்தில் தொங்கவிட்டோம். வேலையைப் பற்றித் தவிர அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதன்கிழமை அவிழ்த்து மேசைமேல் வைத்தோம். எல்லாம் வழுக்கிக்கொண்டு உரிந்தது. முதலாளி நான்கு மிட்டாயை உரித்துப் பார்த்துவிட்டு ஐந்தாவதை வாயில் போட்டுக்கொண்டார். "இதையே போடுங்க" என்றார். கம்பெனியில் அந்த வருஷம் எடுக்கப்பட்ட உருப்படியான முடிவு அது ஒன்றுதான்.

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அந்த ரகத்து ஆட்களைத் தெரியாது. ஒரே வாரத்தில் பெட்டியில் "இரண்டாம் தலைமுறைக் காகித உறை" என்று போட்டுவிட்டார். சேலத்தில் ஏதோ கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டாராம். தோல்வி மலையில் ஒரு குழந்தையின் வாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார். பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுக்க வந்தபோது, "பேக்கிங் செக்ஷன் சார்பா நீங்க வாங்கம்மா" என்று என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணையும் கூப்பிடலாமே சார்" என்றேன். "மேசையில ஆள் வேணும்ல" என்றார்.

நான் போய் நின்றேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரிக்கவும் செய்தேன். போட்டோ நன்றாகவே வந்திருந்தது. அந்தப் பேப்பரை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அந்த மனிதரைப் பற்றி இவ்வளவு ஏளனமாக எழுதுகிறேனே, அவருக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

வத்தல்மலைப் பெண்ணின் அண்ணன் மகளுக்கு வாய் ஆறிவிட்டது. மிட்டாய் என்றால் மட்டும் இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறாளாம். வத்தல்மலைப் பெண் என்னோடு பழையபடி பேச மூன்று மாதம் ஆயிற்று. போன வாரம் மாப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டு, குச்சியில் ஸ்கேன் பண்ணுகிற கோடு அச்சடிக்கப்போவதாகச் சொன்னார். குழந்தைகள் சப்பி முடித்ததும் போனில் ஸ்கேன் செய்தால் கதை வருமாம்.

"சப்புன குச்சி ஊறிப்போயிருக்கும் சார். கோடு அழிஞ்சிடும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நெகட்டிவா பேசாதீங்கம்மா" என்றார்.

"ஊறிப்போயிருக்கும் சார்" என்று திரும்பவும் சொன்னேன். என் பக்கத்தில் நின்றிருந்த அவள், "ஆமாங்க சார்" என்றாள். முதலாளி ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைத் தாள் இன்னும் என்னிடம் வரவில்லை.