உத்தமபாளையத்தில் ஏழு நாள் நிற்காத சைக்கிள்

தேனிப் பக்கம் தெருப் படங்கள் எடுக்கப் போகலாமா, எந்த மாதம் நல்லது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது 1983 மே மாதம். அப்போது மதுரையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, வயது இருபத்தாறு. ஓய்வு நாட்களில் மாசி வீதிகளில் அலைந்து, பூக்கட்டுகிறவர்கள், ரிக்‌ஷாவில் தூங்குகிறவர்கள் என்று எடுத்துத் தள்ளினேன். இரண்டு வருடத்தில் எல்லாப் படமும் ஒரே படம் மாதிரி ஆகிவிட்டது. கூட வேலை பார்த்த பிலோமினா, "எங்க ஊருக்கு வாயேன், வீட்டுலயே தங்கிக்கிடலாம்" என்றாள். அவள் ஊர் உத்தமபாளையம் பக்கத்தில் ராயப்பன்பட்டி. லீவு போட்டேன். காமிராவோடு பெண் பிள்ளை தனியாகப் போவதா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

என்னிடம் இருந்தது பெட்டி காமிரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கையில் மூன்று ரோல்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.15க்கு மதுரையில் பஸ். தேனிக்கு 76 கிலோமீட்டர், டிக்கெட் ஆறேகால் ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று மாறும், ஜன்னலோரம் உட்காருங்கள். 8.40க்குத் தேனியில் இறங்கி நேரே சந்தைக்குப் போனேன். பருத்தி மூட்டைமேல் ஏறி நின்று விலை பேசுகிறவர், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே எடை போடுகிற அம்மாள் என்று மதியத்துக்குள் இரண்டு ரோல் காலி. கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

உத்தமபாளையம் பஸ்ஸில் கண்டக்டர் காமிராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேப்பர்லருந்து வர்றீகளா?"

"இல்லைங்க, சும்மா ஆசைக்கு எடுக்கிறேன்."

"அப்பப் பாளையத்துல எறங்குங்க. அங்கன ஒராளு அஞ்சு நாளா சைக்கிள விட்டு எறங்கல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பொட்டல்ல."

தேனியிலிருந்து முப்பது கிலோமீட்டர். மூன்று மணிக்கு இறங்கினேன். பொட்டலில் கயிறு கட்டிய வட்டம், நடுவில் கம்பம், கம்பத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி. வட்டத்துக்குள் தவமணி என்பவர் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். சைக்கிளிலேயே முகம் மழித்தார், குளித்தார், சட்டை மாற்றினார். ஹேண்டில்பாரில் காலை வைத்துக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டார். போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏறியவர், இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி வரைக்கும் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. (உங்களுக்கு வரும் அதே சந்தேகம் எனக்கும் வந்தது. திரை கட்டுவார்களாம், திரைக்குள்ளும் வண்டி ஓடுமாம். நம்பிக்கொண்டேன்.)

மைக்கில் பேசியது அவர் மனைவி முத்துப்பேச்சி. கணீரென்ற குரல். நான் எட்டுப் படம் எடுத்து முடித்ததும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அவுகள மட்டும் எடுத்தாப் போதுமாக்கா?"

கூச்சமாகப் போனது. அவளை நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "எங்கப்பா ஆண்டிபட்டியில வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தாக. அவுகளுக்கு வண்டி பழக்குனதே நாந்தான். கல்யாணத்துக்கப்புறம் மைக்கு எனக்கு, வண்டி அவுகளுக்குன்னு ஆயிப்போச்சு."

அன்றிரவு பிலோமினா வீட்டில் தங்கினேன். திங்கட்கிழமை காலை ராயப்பன்பட்டி கோயில் வாசலில் ஒரு படம். மதியம் பஸ் பிடித்து, கேரள எல்லையில் இருக்கிற லோயர் கேம்ப் போய், தண்ணீர் விழுகிற இடத்தில் துணி துவைக்கிறவர்களை ஒரு படம். அங்கே டீக்கடையில் பாதிப் பேச்சு மலையாளம். மறுநாள் சைக்கிள் முடிவதை எடுக்க இரண்டு படம் மிச்சம் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை பதினொன்றுக்குப் போனபோது கூட்டம் சத்தமில்லாமல் நின்றிருந்தது. தவமணியின் கண் இரத்தமாகச் சிவந்திருந்தது. வண்டி ஒரு சுற்றில் இரண்டு தடவை கயிற்றுப் பக்கம் சாய்ந்தது. விடியற்காலையிலிருந்து காய்ச்சலாம். முத்துப்பேச்சி மைக்கில் "அண்ணன்மாரே, அக்காமாரே" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு சுற்றிலும் கூட ஓடி ஈரத்துண்டை அவர் கழுத்தில் போட்டாள்.

"எறங்கிருங்க, உசுரு போனா யாரு குடுப்பா?" என்றாள் ஒரு தடவை. மைக் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

"இன்னும் ஏழு மணி நேரந்தேன். எறங்குனா எந்த ஊருல நம்மளக் கூப்புடுவாக?"

அதற்கும் அடுத்த சுற்றில் அவர் தலை மார்பில் தொங்கியது. முத்துப்பேச்சி நின்றாள். மைக்கை வாயருகே கொண்டு வந்தாள்.

"கேட்டுக்கங்க! வண்டி நிக்காது. ஆளுதான் மாறுது."

"பொம்பளை ஓட்டுறதுக்கா ஆறு நாளு நின்னு பாத்தோம்?" என்று ஒருவர் கத்தினார். மாம்பழக் கூடையோடு நின்ற பெண் அவர் பக்கம் திரும்பி, "ஏலே, உனக்குப் பாக்க இஷ்டமில்லேன்னா வீட்டுக்குப் போ. எனக்கு மறைக்காம இரு" என்றாள்.

முத்துப்பேச்சி சேலையைத் தார்ப்பாய்ச்சுக் கட்டாக இழுத்துச் செருகிக்கொண்டாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி கூட ஓடி, பின்னால் கேரியரில் தாவி ஏறினாள். அவர் இரு பக்கமும் கையை விட்டு ஹேண்டில்பாரைப் பிடித்தாள். "காலத் தூக்குங்க, எடது பக்கமாச் சரியுங்க. வண்டிய எங்கிட்ட விடுங்க, நான் பிடிச்சிக்கிட்டேன்" என்று அவள் சொல்வது மைக் இல்லாமலே எனக்குக் கேட்டது. அவர்கள் என்னை நோக்கித்தான் வந்தார்கள். காமிரா என் கண்ணருகே இருந்தது. வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கிற படம் என்று தெரிந்தது.

அவர் சரிந்தார். காலில் பலமில்லை, தலை முன்னால் போனது. நான் காமிராவை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவரைத் தாங்கினேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அவர் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. நிமிர்ந்து பார்த்தபோது முத்துப்பேச்சி இருக்கைக்கு மாறி, பெடலை மிதித்து எங்களைத் தாண்டிப் போய்விட்டாள். கால் தரையில் படவில்லை.

அந்தப் படம் என்னிடம் இல்லை. வருத்தமும் இல்லை என்று சொன்னால் பொய்; ஒரு வருடம் இருந்தது.

யாரோ டாக்டரைக் கூட்டி வந்தார்கள். ஊசி போட்டு, கயிற்றை ஒட்டியிருந்த வேப்பமரத்தடியில் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மதியம் கடைக்காரர்களும் பள்ளி வாத்தியார்களும் வர ஆரம்பித்தார்கள். நான்கு மணிக்குப் பொட்டல் கொள்ளவில்லை. அவள் யாரோ எடுத்துக் கொடுத்த மைக் ஒரு கையில், ஹேண்டில்பார் ஒரு கையில் என்று ஓட்டினாள். காலையில் கத்தியவர் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு போய், கூட நடந்தபடியே நீட்டினார். அதை ஒரு படம் எடுத்தேன். விழுந்த அடியில் காமிராவின் மூலை நசுங்கியிருந்தது. படம் விழுமா என்றே தெரியாது.

ஆறு மணி. கூட்டம் கைதட்டியது. தவமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "எறங்கு தாயி, முடிஞ்சிருச்சு" என்றார்.

அவள் இறங்கவில்லை. "ஏழு நாள் கணக்கு முடிஞ்சிருச்சு. இந்த ஒரு சுத்து எனக்கு" என்று மைக்கை அவர் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒரு சுற்றுப் போனாள். என் கடைசிப் படம் அதுதான். மதுரையில் கழுவியபோது மேல் மூலையில் வெளிச்சம் புகுந்து கொஞ்சம் வெளுத்திருந்தது. அவள் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதம் வெயில் கடுமை, ஆனால் திருவிழாக் காலம், தெருவில் ஆள் இருக்கும். மேற்கே மலை இருப்பதால் பள்ளத்தாக்கில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். ஐந்து மணிக்குள் எடுத்து முடியுங்கள்; என் ஆறு மணிப் படம் விழுந்தது அதிர்ஷ்டம். சந்தைக்கு மதியத்துக்கு முன் போங்கள். எடுக்கப் போகிறவரிடம் முதலில் இரண்டு வார்த்தை பேசுங்கள். படம் அனுப்புவதாகச் சொன்னால் அனுப்புங்கள், விலாசத்தை அவரையே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

முத்துப்பேச்சியை எடுத்த இரண்டு படத்தையும் நான் அனுப்பினேன். அடுத்த மாதம் ஒரு கார்டு வந்தது, அவள் கையெழுத்தில்: "அக்கா, படம் கிடைத்தது. அவுகளுக்கு உடம்பு தேவலை. வெள்ளிக்கிழமை போடியில் ஆரம்பிக்கிறோம். முதல் நாலு நாள் வண்டி எனக்கு. மைக்கை அவுகளிடம் குடுத்திருக்கிறேன். பேச வெட்கப்படுறாக, நான் பழக்கிவிடுவேன்."